பன்னிரண்டாம் டப்பாவின் மூடி

என் தங்கை கணவரை எங்கள் பேட்டையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'ரெண்டு நிமிஷம்'. அந்தப் பெயர் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதலாளிக்கு இரண்டு கொட்டகைகள் இருந்தன. ஒன்று கடைத்தெரு முனையில் 412 இருக்கைகளோடு இருந்த தியேட்டர். இன்னொன்று ரயில்வே கேட்டைத் தாண்டி வெட்டவெளியில், 140 கார்கள் நிற்கக்கூடிய டிரைவ்-இன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிண்ட்தான் வரும். தியேட்டரில் மாலை ஆறு மணிக்குப் படம் தொடங்கும். முதல் நான்கு ரீல்கள் ஓடி முடிந்ததும் அந்த நான்கு டப்பாக்களையும் மொபெட்டின் பின்னால் கட்டிய மரப்பெட்டியில் வைத்துக்கொண்டு அவர் டிரைவ்-இன்னுக்குப் பறப்பார். அங்கே ஏழு மணிக்குப் படம். அவர் திரும்புவதற்குள் இங்கே அடுத்த நான்கு தயாராகிவிடும். ஒரு மாலைக்கு நான்கு நடை. தூரம் 4.3 கிலோமீட்டர், பதினொரு நிமிடம்.

கேட் மூடியிருந்தால் டிரைவ்-இன் திரையில் 'இரண்டு நிமிடம் பொறுக்கவும்' என்று ஸ்லைடு போடுவார்கள். காரில் இருப்பவர்கள் விசிலடிக்க மாட்டார்கள், ஹாரன் அடிப்பார்கள். நூற்று நாற்பது கார்களும் ஒன்றாக அலறுவது கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அவர் காதில் விழும். ஹாரனுக்குப் பதில் சொல்வதுபோல அவரும் மொபெட்டின் ஹாரனை அழுத்துவார். அது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருக்கும்.

தியேட்டரில் நான் ரைட்டர். எந்த ரீல் எத்தனை மணிக்கு ஏறியது, எங்கே அறுந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று காட்சிப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. 1963 முதல் 1993 வரை, ஆண்டுக்கு இரண்டு வீதம் அறுபத்திரண்டு பதிவேடுகள். கொட்டகையை இடித்தபோது குப்பையில் போகவிருந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினேன். டிரைவ்-இன் அதற்கு ஆறு வருடம் முன்பே மூடிவிட்டது. அந்த இடத்தில் இப்போது டயர் கிடங்கு.

டிரைவ்-இன் மூடியதும் என் தங்கை கணவர் அதே மொபெட்டில், அதே மரப்பெட்டியில், ஒரு மருந்துக்கடைக்காக மாத்திரைகள் கொண்டுபோகத் தொடங்கினார். எழுபது வயதுவரை அந்த வேலை. அந்த ஆண்டுதான் என் தங்கை போய்ச்சேர்ந்தாள். இப்போது அவருக்கு எழுபத்தாறு. சாவி செய்யும் கடைக்கு மாடியில் இரண்டு அறை. அதில் அவர் மட்டும். ஒரே மகள் ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் பள்ளிக்கூட டீச்சர்.

இந்த ஆண்டு மார்ச் மாதம் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். இரண்டு காரணங்கள். கேஸ் அடுப்பைத் திறந்துவைத்து, பற்றவைக்க மறந்து, வெளியே போய்விட்டார்; சாவிக்கடைக்காரர் மோப்பம் பிடித்து ஓடிவந்து மூடினார். அடுத்த வாரம் ஒரு மாலை, இரண்டு கனமான பைகளோடு டயர் கிடங்கின் வாசலில் போய் நின்றிருக்கிறார். வாட்ச்மேன் கேட்டதற்கு, "ஆபரேட்டரைக் கூப்பிடுங்க, லேட்டாகுது" என்றாராம். பைகளில் பழைய செய்தித்தாள்.

மகள் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அவர் மறுத்தார். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் கலங்கிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். அந்த இரண்டு அறையில்தான் அவரும் என் தங்கையும் முப்பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தினார்கள். அங்கேயே இருக்கவேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்பதுதான் அவர் கேட்டது.

மகளும் கல்மனசுக்காரி அல்ல. ஒரு மாலை, நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, போனை அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா, சின்ன வயசுல எனக்குக் கதை சொல்லுவீங்களே, ரயில் படம். முழுசா கெடச்சிருச்சு. பாருங்க."

அந்தப் படத்துக்கு வேறு பெயர் உண்டு. பேட்டையில் எல்லோரும் ரயில் படம் என்றே சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் அசையாமல் முழுவதும் பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேற படம்மா."

"அதே படம்தான்ப்பா. அதே ஆளுங்க."

"ஆளுங்க அதேதான். படம் வேற. அப்பன்காரன் ஆஸ்பத்திரியில செத்துப்போவான். செத்ததுக்கு அப்புறம் ஸ்டேஷனுக்கு வந்து பொண்ணுக்குக் கை காட்டுவான். அவளுக்கு அவன் செத்ததே தெரியாது. ரயிலு கெளம்பினப்புறம்தான் சேதி வரும். அதான் படம். இதுல உயிரோட வந்து நிக்கறான். உயிரோட இருக்கறவன் வழியனுப்ப வர்றதுல என்ன இருக்கு?"

"செத்தவர் எப்படிப்பா ஸ்டேஷனுக்கு வருவாரு?"

"அதை எடுத்தவனைக் கேளு. நான் டப்பா தூக்கினவன்."

மகள் என்னைப் பார்த்தாள். "மாமா, நம்ம தியேட்டர்ல அந்த மாதிரி ஏதாவது ஓடுச்சா? உங்க நோட்டுல பாத்துச் சொல்லுங்களேன்."

வீடு இரண்டு தெரு தள்ளிதான். போய் 34-ம் பதிவேட்டை எடுத்து வந்தேன். படம் ஓடியது 13-7-1979 வெள்ளி முதல் 2-8-1979 வியாழன் வரை. இருபத்தொரு நாள், பகலும் மாலையுமாக நாற்பத்திரண்டு காட்சிகள். ரீல் பத்தியை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு காட்சியிலும் 1 முதல் 16 வரை வரிசை பிசகவில்லை.

"ஒழுங்காத்தான் ஓடியிருக்கும்மா."

"நிச்சயமா, மாமா?"

"என் கையெழுத்தும்மா."

அவள் போனை எடுத்துக்கொண்டாள். பிறகு என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள். "அப்பாவுக்கு இந்தப் படம் ஒண்ணாவது கெட்டியா ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன், மாமா. அதுவே கோணலா இருந்தா, வேற எதை நம்பி இவரை இங்க விட்டுட்டுப் போவேன்?" அங்கே நின்றபடியே வண்டிக்காரருக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி வரும் என்று முடிவானது. அன்று புதன்கிழமை.

உள்ளே திரும்பியபோது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"நோட்டுல இருந்ததைச் சொன்னேன், மாப்ள."

"நோட்டு படம் பாத்துச்சா?"

நான் பதிவேட்டை மூடினேன்.

"சரி, நீங்க பாத்தீங்களா? முப்பது வருஷத்துல ஒரு படமாவது முழுசாப் பாத்திருக்கீங்களா?"

இல்லை. என் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டும் அழுகையும் கேட்கும். ஆபரேட்டர் அறையிலிருந்து ஒரு குழாய் என் மேஜைக்கு வரும். ஆபரேட்டர் டப்பாவின் எண்ணை அதில் உரக்கச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். அந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான். அதற்கு முன் ஒரு தடவை ஆறாம் ரீலுக்குப் பதில் ஒன்பதாம் ரீலை ஏற்றிவிட, ஜனங்கள் நாற்காலியை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து டப்பாவின் மேல் உள்ள எண்தான் சட்டம். டிரைவ்-இன்னுக்கும் அறிவிப்பு அனுப்பியிருந்தேன்: எந்த டப்பாவில் வந்ததோ அதே டப்பாவில், அதே மூடியோடு திரும்ப வேண்டும்.

வியாழக்கிழமை காலை பதிவேட்டை மறுபடி எடுத்தேன். புதன்கிழமை நான் ரீல் பத்தியை மட்டும்தான் பார்த்திருந்தேன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. 21-7-1979, மாலைக் காட்சிக்கு எதிரே என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'பார்வையாளர் ஒருவர், இறந்துபோனவர் ரயில் நிலையத்துக்கு எப்படி வந்தார் என விசாரித்தார். படம் பார்க்காததால் பதில் சொல்ல இயலவில்லை.'

அதை மூன்று தடவை வாசித்தேன். இடது பக்கத்தில் எல்லாம் சரி என்று நானே எழுதியிருக்கிறேன். வலது பக்கத்தில் செத்தவர் வந்தார் என்றும் நானே எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே மையில்.

வெளியே போய் விசாரித்தேன். அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் இருப்பது இரண்டே பேர், தையல்காரரும் முடிதிருத்துபவரும். இருவருக்கும் எதிரெதிர்க் கடை. முடிதிருத்துபவர் கத்திரியை வைத்துவிட்டு, "செத்துட்டுத்தான் வருவாரு, ரைட்டர். நான் ஏழு தடவை பாத்திருக்கேன், ஏழு தடவையும் அழுதேன்" என்றார். தெருவைத் தாண்டி அது தையல்காரர் காதில் விழுந்துவிட்டது. "சாகறதுக்கு முன்னாடியேதான் வருவாரு! இவன் அழுததுல கண்ணு மறைச்சிருக்கும்!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"நீ எங்கடா பாத்தே?"

"டிரைவ்-இன்ல. நம்ம கஸ்டமர் காருல ஏறிக்கிட்டுப் போனேன்."

"காருல போனவனுக்கு எங்க படம் புரியும்? சீட்டு மெத்துமெத்துன்னு இருந்திருக்கும், தூங்கியிருப்பே!"

நான் வந்துவிட்டேன். ஒரே பிரிண்ட். ஒரே மாலை. இங்கே ஓடிய அதே ரீல்தான் அங்கேயும் ஓடியது. இங்கே செத்தபின் வந்தவர் அங்கே எப்படி உயிரோடு வந்தார்? எழுபது வயது தாண்டிய மூன்று கிழவர்களில் யாருடைய ஞாபகத்தை நான் எழுதிக்கொள்வது? என் கையெழுத்தையே நம்பாவிட்டால் நான் எதை நம்புவது? வெள்ளிக்கிழமை முழுவதும் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை சாமான் கட்டினோம். மகள் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினாள். நான் கட்டிலுக்கு அடியில் இருந்தவற்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ அடுத்த வீட்டுக்காரர் காலி செய்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு தகர டப்பா வந்தது. படச்சுருள் வைக்கும் வட்டமான டப்பா, ஒரு ஓரம் நசுங்கியிருந்தது. உள்ளே ஆணி, திருகு, என் தங்கை சேர்த்த பட்டன்கள்.

மூடியில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையால் 11 என்று இருந்தது. அது என் கை. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அந்தப் படப்பெட்டி மழையில் நனைந்து வந்தது. மூடிகளில் ஒட்டியிருந்த பழைய எண்கள் கரைந்துபோயிருந்தன. பதினாறு மூடிகளையும் கழற்றி, புது எண் எழுதி ஒட்டி, என் அறைத் தரையில் காயவைத்து, நானே திரும்ப மாட்டினேன். கடைசி நாள் இந்த டப்பா கேட் அருகே விழுந்து நசுங்கியதும், மாற்று டப்பா கொடுத்ததும்கூடப் பதிவேட்டில் இருக்கிறது.

டப்பாவைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் படக் கம்பெனி சிவப்பு பெயின்டில் எழுதிய எண் இருந்தது. 12.

மூடியை மறுபடி பார்த்தேன், அடியை மறுபடி பார்த்தேன். பட்டன்களைத் தரையில் கொட்டினேன். அடியில் நான்காக மடித்த ஒரு சீட்டு கிடந்தது. பென்சில் எழுத்து. '14-7-79. 11, 12 மூடி மாறியிருக்கிறது. நேற்றும் இதேதான். நான் பிலிமின் நுனியில் உள்ள எண்ணைப் பார்த்து ஓட்டிவிட்டேன். உங்கள் ரைட்டரிடம் சொல்லவும். டிரைவ்-இன் ஆபரேட்டர்.'

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாமா, தலை சுத்துதா?" என்று மகள் ஓடிவந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டி வேணாம்னு சொல்லும்மா. உங்கப்பா சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு."

சீட்டை அவளிடம் கொடுத்து, டப்பாவைக் காட்டி, சொன்னேன். தியேட்டரில் டப்பாவின் எண்படி ஓட்டினார்கள். என் மூடி மாறியதால் ஆஸ்பத்திரி முதலிலும் ஸ்டேஷன் பிறகும் ஓடியது. நாற்பத்திரண்டு காட்சிகளிலும் செத்தவர் வந்து கை காட்டியிருக்கிறார். டிரைவ்-இன்காரர் பிலிமைப் பார்த்து ஓட்டியதால் அங்கே சரியாக ஓடியது. என் அறிவிப்புக்குப் பயந்து அதே மூடியோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். முடிதிருத்துபவரும் பொய் சொல்லவில்லை, தையல்காரரும் பொய் சொல்லவில்லை. பதிவேடு மட்டும்தான் பொய்.

அவள் சீட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு இன்னொன்று தட்டியது. 14-ம் தேதி மூன்றாவது நடை முடிந்து அவர் திரும்பியபோது பதினான்கு நிமிடம் தாமதம். அந்த நேரத்தில் ரயில் கிடையாது. 'காரணம் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். கேட்காததற்கும் காரணம் உண்டு. அன்று அவர் என் அறை வாசலில் வந்து நின்று, "சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். சட்டைப்பைக்குள் கையை விட்டார், வெறுங்கையை எடுத்தார். பிறகு, "உங்க தங்கச்சியை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?" என்றார். அவள் எங்கள் தியேட்டரில் பெண்கள் பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக, அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவர் வந்தார் என்று நினைத்திருந்தேன். இப்போது சந்தேகம் வந்துவிட்டது. மூடி மாறியதைச் சொல்ல வந்தவர், தைரியம் வராமல், வாய்க்கு வந்த இன்னொன்றைச் சொல்லிவிட்டாரா?

"மாப்ள" என்றேன். "இந்தச் சீட்டை அன்னிக்கு ஏன் என்கிட்ட குடுக்கல?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "கோழி கிண்டின மாதிரி எழுத்து" என்றார். பிறகு நிமிர்ந்து, மிகவும் சாதாரணமாக, "குடுத்தேனே மச்சான்" என்றார்.

"என்கிட்டயா?"

"உங்ககிட்டதான். படிச்சீங்க. உள்ள ஜனங்க மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கேட்டீங்க. அப்புறம், 'இருக்கட்டும் விடு, அழுதுட்டுப் போகட்டும்'னு சீட்டைத் திருப்பிக் குடுத்துட்டீங்க."

"நானா?"

"பின்ன நானா? அதனாலதான் இத்தனை நாளா நான் யாருகிட்டயும் மூச்சு விடல. உங்க வேலை போயிருமே."

"அன்னிக்கு நீ பொண்ணு கேட்டே, மாப்ள."

"அது மறுநாள், மச்சான். ஞாயித்துக்கிழமை. நீங்க இவ்வளவு நல்ல மனுஷன்னு முதல் நாள் தெரிஞ்சதாலதான் தைரியமா வந்து கேட்டேன்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மறுக்க வாயைத் திறந்தேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். புதன்கிழமையும் எனக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"மாமா?"

"எனக்கு... தெரியலம்மா."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "உங்க ரெண்டு பேருல யாரை வண்டியில ஏத்தறதுன்னே எனக்குப் புரியல" என்றாள். பிறகு வண்டிக்காரருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொன்னாள்.

அவருக்குச் சட்டென்று முகம் மலரவில்லை. சுற்றிவைத்த பாத்திரங்களில் ஒன்றைக் காகிதம் பிரித்து, இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அடுத்ததைப் பிரித்தார். ஒரு மணி நேரத்தில் சமையலறை பழையபடி ஆகிவிட்டது. ஒன்றுகூட இடம் மாறவில்லை என்றாள் மகள்.

நிபந்தனைகள் போட்டாள். கேஸ் அடுப்பு போய், தானே அணையும் மின்சார அடுப்பு வந்தது. ஒரு சாவி கீழே கடைக்காரரிடம். காலையிலும் மாலையிலும் நான் போய்ப் பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் வந்து மறுபடி யோசிப்பாள். அடுப்பும், டயர் கிடங்கும், செய்தித்தாள் பைகளும் பொய்யல்லவே. அதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

34-ம் பதிவேட்டில் நாற்பத்திரண்டு காட்சிகளுக்கும் எதிரே சிவப்பு மையில் திருத்தம் எழுதி, அவருக்கும் காட்டினேன். 14-ம் தேதிக்கு எதிரே 'காரணம் கேட்கவில்லை' என்பதை மட்டும் தொடவில்லை.

தினமும் மாலை போகிறேன். காபி போட்டுக் கொடுப்பார். ரயில் படக் கதை சொல்லச் சொல்வேன், அவருடைய புத்தி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் சாவார், பிறகு ஸ்டேஷனுக்கு வருவார். இருபத்தாறு நாளும் அப்படியே சொன்னார். நிம்மதியாக வீடு திரும்பினேன்.

நேற்று, அப்பா முதலில் ஸ்டேஷனுக்கு வந்தார். பெண்ணுக்குக் கை காட்டினார். பிறகுதான் ஆஸ்பத்திரியில் செத்தார்.

"மாப்ள, மாத்திச் சொல்றியே?" என்றேன்.

"இதுதானே மச்சான் சரி?" என்றார். "நீங்கதானே சிவப்பு மையில திருத்தினீங்க?"

வீட்டுக்கு வந்து 34-ம் பதிவேட்டில் காலிப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். தேதி எழுதினேன். ரீல் பத்தியில் எழுதுவதா, குறிப்பில் எழுதுவதா என்று வெகுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். எதிலும் எழுதாமல் மூடி வைத்துவிட்டேன்.